சேர்ந்து விழாத இணைப்பு

வீட்டு இணையம் படுத்துவிட்டால் கைகொடுக்க சிம் போட்ட மோடம் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வேகத்தை. அந்தக் கேள்விக்கு வரிசையில் பின்னால்தான் இடம். துணை இணைப்பு வருடத்தில் சில நாட்கள், அதிலும் சில மணி நேரம் மட்டுமே உழைக்கப்போகிறது. அந்த நேரத்தில் அது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலையாகப் பத்து எம்.பி.பி.எஸ். கிடைத்தாலே ஒரு வீடியோ அழைப்பும் அலுவலக மெயிலும் தடையில்லாமல் ஓடும். ஆகவே முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: பிரதான இணைப்பை வீழ்த்தும் காரணம் எதுவோ, அது துணை இணைப்பையும் சேர்த்து வீழ்த்துமா? எந்த நிறுவனத்தின் சிம், எந்த மோடம், எங்கே வைப்பது, எதிலிருந்து மின்சாரம் என்று பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வளவு கவனம் தேவைதான். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இணையம் போனால் அன்றைய பிழைப்பு நின்றுபோகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் பெற்றோருக்கு டாக்டரின் வீடியோ ஆலோசனையும் வாசல் கேமராவும் பேரக்குழந்தையின் முகமும் அந்த ஒரு ஒயரில்தான் வருகின்றன. புயல் மழை நாளில்தான் அந்த ஒயர் அறுகிறது. அது மிகவும் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான்.

எங்கே அறுகிறது?

ஃபைபர் இணைப்பின் பாதையை வீட்டிலிருந்து வெளியே நடந்து பார்ப்போம். சுவரில் மாட்டிய சிறு பெட்டி முதலில். ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றித் தருவது அது. அதற்கும் ரூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். அங்கிருந்து கிளம்பும் கண்ணாடி இழை மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நம் ஊர்களில் அது கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு போகிறது. மரக்கிளை முறிந்தால் போச்சு. உயரமான லாரி மாட்டினால் போச்சு. அணில் கடித்தாலும் போச்சு. மண்ணுக்குள் போகும் இழையை மழைநீர் வடிகால் தோண்டும் பொக்லைன் அறுத்துவிடும். தெருவில் ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அதற்கு மேலே, கேபிள்காரரின் அறையில் இருக்கும் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி தீர்ந்தால் பகுதி முழுவதற்கும் இணையம் போகும். அதற்கும் மேலே நிறுவனத்தின் மைய வலையமைப்பு.

ஆக, நான்கு இடங்களில் அறுகிறது: வீட்டு மின்சாரம், தெரு ஒயர், பகுதியின் மின்சாரம், நிறுவனத்தின் மையம். சிம் மோடம் தெரு ஒயரைத் தாண்டிப் போகிறது. அந்த ஒரு விஷயத்தில் அது இயல்பாகவே சுதந்திரமானது. மற்ற மூன்றிலும் நாம் பார்த்து அமைத்தால்தான் உண்டு.

இரண்டு சிம்மும் ஒரே மையமும்

கனடாவில் 2022 ஜூலை 8-ஆம் தேதி ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. மைய வலையமைப்பை மேம்படுத்தும் பணியின்போது செய்த ஒரு தவறான அமைப்பு மாற்றமே காரணம். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். வீட்டு இணையமும் மொபைலும் ஒரே மையத்தை நம்பி இருந்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் போயின. இன்டராக் என்ற டெபிட் கட்டணச் சேவை நின்றது. அவசர உதவிக்கான 911-ஐப் பலரால் அழைக்க முடியவில்லை. பழுதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியர்களே ஒருவரையொருவர் தொடர்புகொள்ளத் திணறினார்கள். அவர்கள் நம்பியிருந்ததும் அதே வலையமைப்பைத்தான். அன்று ரோஜர்ஸ் இணையம் வைத்திருந்த வீட்டில் ரோஜர்ஸ் சிம்மோடு எவ்வளவு விலையுயர்ந்த மோடம் இருந்திருந்தாலும் பயன் இல்லை.

சென்னையில் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீர்த் தொட்டியும் உண்டு, போர்வெல்லும் உண்டு. இரண்டையும் மேலே ஏற்றுவது மின்சார மோட்டார் என்றால், கரண்ட் போன நாளில் இரண்டு நீர்வழி இருந்தும் குழாயில் சொட்டு வராது. இரண்டு வழிகளும் எந்த இடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன என்று தேடிப் பார்ப்பதுதான் துணை இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் கலை.

ஆகவே ஜியோ ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றில் ஒன்றின் சிம். ஏர்டெல் ஃபைபர் இருந்தால் ஜியோவோ மற்றதோ. உள்ளூர் கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியிருந்தால், அவருக்கு மேலிருந்து இணையம் தரும் நிறுவனம் எது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லாருடைய போனிலும் ஒரே நிறுவனத்தின் சிம் இருந்தால், மோடத்துக்கு வேறு நிறுவனம் என்பது இன்னொரு லாபம்.

டவருக்கும் எல்லை உண்டு. டவரை மையத்தோடு இணைப்பதும் பல இடங்களில் ஃபைபர்தான். சில டவர்களில் முரசு போன்ற வட்டத் தட்டுகள் வழியாக நுண்ணலையில் போகிறது. ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் ஒரே மின்சார ஏற்பாட்டை நம்பி இருப்பதும் இங்கே சகஜம். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் வந்தாக வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சூறையாடியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்திலும் மொபைல் சிக்னலும் பல பகுதிகளில் போய்விட்டது. அறுந்த ஒயர், எரிந்த கருவி, நிறுவனத்தின் கோளாறு ஆகியவற்றிலிருந்து சிம் மோடம் நன்றாகவே காக்கும். பெரும்புயலில் ஓரளவுதான் காக்கும். இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

கோடுகளை நம்பாதீர்கள்

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வீட்டில் சிக்னலை அளக்க வேண்டும். போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் உதவாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் போன்ற செயலிகள் உண்மையான எண்களைக் காட்டும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் சோதனைத் திரை வரும்.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆர்.எஸ்.ஆர்.பி.; டவரிலிருந்து வந்துசேரும் சிக்னலின் பலம். இது எதிர்மறை எண்ணாக இருக்கும். மைனஸ் 80 அருமை, மைனஸ் 90 நன்று, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே போனால் தள்ளாட்டம். பத்து எண் வித்தியாசம் என்றால் பலத்தில் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டாவது எஸ்.ஐ.என்.ஆர்.; இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதன் அளவு. 20-க்கு மேல் இருந்தால் மிகத் தெளிவு, 10-ஐ ஒட்டி இருந்தால் போதுமானது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பலம் இருந்தும் பயனில்லை. பலமான சிக்னலில் மெதுவான இணையம் கிடைக்கும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணோ, டவரின் நெரிசலோதான் காரணம்.

அளக்கும் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்கு நன்றாக ஓடும் டவர், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் திணறலாம். தெரு ஃபைபர் அறுந்த நாளை நினைத்துப் பாருங்கள்: அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதே நேரத்தில் ஹாட்ஸ்பாட்டைத் தட்டுவார்கள், தெருவே ஒரு டவரின் முன் வந்து நிற்கும். ஆகவே இரவு நேர அளவை வைத்தே முடிவெடுங்கள். நண்பர்கள், உறவினர்களின் போன்களில் வெவ்வேறு சிம்கள் இருக்கும். அவர்கள் வீட்டுக்கு வரும் மாலையில் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலோரத்தில் அளந்துவிடலாம்.

மோடத்துக்குத் தெரிந்த அலைகள்

அடுத்தது பேண்ட். ஒவ்வொரு நிறுவனமும் அரசிடம் ஏலத்தில் எடுத்த அலைவரிசைகளில் மட்டுமே சேவை தருகிறது. 4ஜி-யில் ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 5), 1800 (பேண்ட் 3), 2300 (பேண்ட் 40). ஏர்டெல் 900 (பேண்ட் 8), 1800, 2100 (பேண்ட் 1), 2300 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. வி 900, 1800, 2100 ஆகியவற்றோடு சில தொலைத்தொடர்பு வட்டங்களில் 2500 (பேண்ட் 41) வைத்திருக்கிறது. பி.எஸ்.என்.எல். 4ஜி 700 (பேண்ட் 28), 2100 ஆகியவற்றில் வருகிறது. எந்த வட்டத்தில் எது எவ்வளவு என்பது மாறும்; உங்கள் வீட்டில் எந்த பேண்ட் வருகிறது என்பதையும் அதே செயலி காட்டிவிடும்.

குறைந்த அலைவரிசை தூரம் போகும், கான்கிரீட் சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். ஆனால் அதில் இடம் குறைவு, வேகமும் குறைவு. உயர்ந்த அலைவரிசையில் இடம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். உள்ளறையில் 850-ம் ஜன்னலோரத்தில் 2300-ம் கிடைப்பது இதனால்தான். நல்ல மோடம் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தும்.

வெளிநாட்டிலிருந்து வரும் மோடங்களில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குவெக்டெல் நிறுவனத்தின் ஈசி25 என்ற மோடம் சில்லு உலகமெங்கும் பல ரூட்டர்களுக்குள் இருக்கிறது. அதன் 'ஈ' வகைக்கு 1, 3, 5, 8, 40, 41 எல்லாம் தெரியும், இந்தியாவுக்குப் பொருத்தம். அமெரிக்கச் சந்தைக்கான 'ஏ' வகைக்குத் தெரிந்த 4ஜி பேண்டுகள் 2, 4, 12 மட்டுமே. நம் டவர்கள் பேசும் எதுவும் அதன் காதில் விழாது. பெட்டியின் மேல் ஒரே பெயர், உள்ளே வேறு வேறு ஊருக்கான வகை. ஆகவே கடைக்காரர் "எல்லா சிம்மும் போடும்" என்று சொல்வதோடு நிற்காமல், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேண்ட் பட்டியலை உங்கள் வீட்டு அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்ட கருவியையும் தவிருங்கள். நாளைக்கு சிம்மை மாற்றும் உரிமை உங்கள் கையில் இருக்கட்டும். அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிளை மறந்துவிடலாம். ஏர்டெல் 2020-லேயே 3ஜி சேவையை மூடிவிட்டது, ஜியோவுக்கு 3ஜி-யே கிடையாது.

பெட்டியில் 'கேட் 4', 'கேட் 6' என்று இருக்கும். கேட் 4 மோடத்தின் உச்சவரம்பு 150 எம்.பி.பி.எஸ்.; அது ஒரு நேரத்தில் ஒரே பேண்டில்தான் இருக்கும். கேட் 6 இரண்டு பேண்டுகளைச் சேர்த்து 300 வரை போகும். வீட்டில் அந்த வேகம் வராது. ஆனால் ஒரு பேண்டில் நெரிசல் வந்தால் இன்னொன்றும் கையில் இருக்கிறது என்பது, தெருவே டவரில் நிற்கும் நாளில் பெரிய ஆறுதல். துணை இணைப்புக்கு கேட் 6 பொருத்தமான இடம். 5ஜி மோடம் தேவையா? இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் வந்தது. அது பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள என்78 பேண்டில் ஓடுகிறது. டவர் அருகில் இருந்தால் நெரிசல் குறைவு, வேகம் அபாரம். விலையும் மின்சாரமும் அதிகம். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் 4ஜி போதும்.

எந்த வடிவம்?

தனியாக வசிப்பவர், இணையம் போனால் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர், எதையும் வாங்க வேண்டியதில்லை. போனில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் பழைய போன் ஒன்றை நிரந்தர மோடமாக்கி நாள் முழுக்க சார்ஜரில் போடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். கையடக்க ஹாட்ஸ்பாட் கருவிகளுக்கும் இதே சிக்கல்.

ரூட்டரில் யூ.எஸ்.பி. துளை இருந்து, அது மோடத்தை ஏற்கும் என்றால் டாங்கிள் செலவு குறைந்த வழி. ஆனால் டாங்கிள் ரூட்டர் இருக்கும் இடத்திலேயே இருந்தாக வேண்டும். ரூட்டரோ பல வீடுகளில் டிவிக்குப் பின்னால், சிக்னல் குறைந்த மூலையில் இருக்கிறது.

குடும்பம் இருக்கும் வீட்டுக்குச் சிறந்தது சிம் போடும் இடம் உள்ள ரூட்டர். அதை நல்ல சிக்னல் இருக்கும் ஜன்னலோரத்திலோ மாடிப்படி உச்சியிலோ வைத்து, அங்கிருந்து லேன் ஒயர் இழுத்துவிடலாம். லேன் ஒயர் நூறு மீட்டர் வரை இழப்பில்லாமல் போகும். வெளி ஆன்டெனாவிலிருந்து வரும் மெல்லிய கோஆக்ஸ் ஒயரோ பத்து மீட்டருக்குள் சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆகவே ஆன்டெனாவைத் தூரத்தில் வைப்பதைவிட மோடத்தையே தூரத்தில் வையுங்கள். மைனஸ் 110-ஐ ஒட்டித் தவிக்கும் வீட்டுக்கு மட்டும் மொட்டை மாடி ஆன்டெனா. அப்போதும் ஒன்றல்ல, இரண்டு இணைப்பு உள்ளதாக, குட்டையான ஒயரோடு. 4ஜி இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் பேசும். ஒன்றை மட்டும் மாட்டினால் பாதி ஆற்றல் வீண்.

தானே மாற வேண்டும்

இனி மாறும் முறை. இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரூட்டர் ஒன்றை நடுவில் வைத்தால், ஒன்று போனதும் தானாக மற்றதற்கு மாறும். இதில் ஒரு நுட்பம் பலர் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. ஃபைபர் தெருவில் அறுந்தாலும், வீட்டுப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள லேன் ஒயரில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஒயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரூட்டர், எல்லாம் நலம் என்று நினைத்து மாறாமல் நிற்கும். ஆகவே வெளியே இருக்கும் முகவரிகளை இடைவிடாமல் தட்டிப் பார்க்கும் வசதி வேண்டும். 1.1.1.1, 8.8.8.8 என்று இரண்டு முகவரிகளைக் கொடுங்கள். ஒன்று மட்டும் பதில் தராவிட்டால் அது அந்த முகவரியின் கோளாறாகவும் இருக்கலாம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை தட்டி, தொடர்ந்து மூன்று முறை இரண்டும் பதில் தராவிட்டால் மாறட்டும். திரும்பும்போது அவசரம் வேண்டாம்: ஃபைபர் சில நிமிடங்கள் நிலையாக இருந்த பிறகே பழைய வழிக்கு வரட்டும். இல்லையென்றால் அறுந்தும் ஒட்டியும் இருக்கும் ஒயரோடு சேர்ந்து வீட்டு இணையமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

மாறும் நொடியில் வீட்டின் வெளி முகவரி மாறுகிறது. வீடியோ கூட்டம் சில நொடி உறைந்து மீளும், அலுவலக வி.பி.என். மறுபடி இணைய வேண்டியிருக்கும். இது குறை அல்ல, இயல்பு. இன்னொன்று: மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வீட்டிலிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை. வெளியிலிருந்து வீட்டுக்குள் நேராக வர முடியாது. நேரடி முகவரியில் கேமராவைப் பார்த்துப் பழகியவர்கள், துணை இணைப்பிலும் அது தெரிய வேண்டுமானால் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவோ டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். வழியாகவோ மாற்றி அமைக்க வேண்டும்.

சிம்மையும் மின்சாரத்தையும் பேணுதல்

மோடத்தில் வங்கிக் கணக்கோடு சேர்ந்த எண்ணைப் போடாதீர்கள். ஓ.டி.பி. மோடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரீசார்ஜ் முடியும் நினைவூட்டலும் அப்படியே. அதனால் முடியும் தேதியை நாள்காட்டியில் எழுதிவையுங்கள். தினம் இவ்வளவு ஜி.பி. என்று வரும் திட்டம் துணை இணைப்புக்குப் பொருந்தாது: தேவையில்லாத நாட்களில் வீணாகி, தேவைப்படும் ஒரே நாளில் மதியத்துக்குள் தீர்ந்து, பல திட்டங்களில் 64 கே.பி.பி.எஸ். வேகத்துக்கு இறங்கிவிடும். மொத்தமாக டேட்டா தந்து நீண்ட நாள் செல்லுபடியாகும் திட்டமோ, குடும்ப போஸ்ட்பெய்டில் கூடுதல் சிம்மோ நல்லது. டிராய் விதிப்படி, 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்ட் எண் துண்டிக்கப்படலாம். தெளிவான தரத்தில் ஒரு மணி நேரப் படம் 3 ஜி.பி. வரை இழுக்கும், ஆகவே துணை இணைப்பு ஓடும்போது டிவிக்கும் போட்டோ பேக்கப்புக்கும் விண்டோஸ் அப்டேட்டுக்கும் ஓய்வு கொடுங்கள்.

மின்சாரம்தான் கடைசி அடுக்கு; பலர் மறப்பதும் அதைத்தான். ஃபைபர் பெட்டி, ரூட்டர், மோடம் மூன்றும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. ரூட்டருக்கான மினி யூ.பி.எஸ். அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று மூன்று அடாப்டர்களின் மேலும் பார்த்துக் கூட்டிக்கொண்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால் ஓரிரு நிமிடம் போகும். அந்த வீடுகளில் இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் வரிசை இதுதான்: முதலில் மினி யூ.பி.எஸ்.; கரண்ட் போவதால் மட்டும் போகும் இணையத்தை அதுவே காப்பாற்றிவிடும். பிறகு வேறு நிறுவனத்தின் சிம். பிறகு கேட் 6 ரூட்டர். அதற்கும் பிறகே தானாக மாறும் ரூட்டர். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மட்டும் அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் ஒரு நாள் ஃபைபர் ஒயரைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். சோதனையின்போது கருவியை அமைத்தவர் ஒதுங்கி நிற்கட்டும். மழை நாளில் வீட்டில் இருக்கப்போகும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ வீடியோ அழைப்பில் பேசட்டும். அவர்கள் ஒரு பொத்தானையும் தொடாமல் பேச முடிந்தால் ஏற்பாடு சரி. எங்காவது தடுமாறினால், எந்த அடுக்கில் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய மழைக்கு முன் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.